நேரத்தை ஓரங்கட்டியவர்

ஓடுகிற பஸ்ஸை விசில் ஊதி நிறுத்தி, உள்ளே ஏறி, பயணி பேசிய தமிழைத் திருத்திவிட்டு இறங்கிப் போகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வேலை பார்த்தார். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மத்தியானம் இரண்டேகால் மணிக்கு அந்தப் பக்கம் போக நீங்களும் யோசிப்பீர்கள்.

டைம் கீப்பர் வேலை என்றால் என்ன என்று கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் ஓடுவதில் பெரும்பாலும் தனியார் பஸ்கள். ஒரு பஸ்ஸுக்கு 2.05 என்றால் 2.05 அந்த பஸ்ஸின் சொத்து. 2.06 ஆகிவிட்டால் அது பின்னால் வருகிறவனுடையது. “என்ற டைமுல நீ எப்படிடா நிக்கலாம்?” என்று இரண்டு டிரைவர்கள் ஒரு நிமிடத்துக்காக மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். நடுவில் விசிலோடு நிற்கிறவர்தான் டைம் கீப்பர். பஸ் முதலாளிகள் சங்கம் அவருக்கு ஒரு தகரக் கூண்டும் ஒரு மேஜையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்திருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: “ஓரங்கட்டு!” பஸ்ஸைப் பார்த்தாலும் ஓரங்கட்டு, போர்வெல் லாரியைப் பார்த்தாலும் ஓரங்கட்டு. ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலத்தையே, குதிரையும் பேண்டு வாத்தியமுமாக, ஏழு நிமிடம் ஓரங்கட்டி நிற்க வைத்தார். முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெண் வீட்டார் கதறினார்கள். “முகூர்த்தம் எங்கயும் போகாதுங்க, சித்த ஓரமா நிக்கும்” என்றார். அதனால் ஊர் முழுக்க அவர் ஓரங்கட்டு அண்ணன்.

பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் பிசிக்ஸ் நடத்த நான் வந்து சேர்ந்த முதல் வாரம். சேலத்தில் வீடு, தினம் பஸ். அன்று சனிக்கிழமை, அரை நாள். பஸ் நகரத் தொடங்கியது. போனில் ஒரு நண்பனிடம் “சரிப்பா, நான் போறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த நொடி வெளியே பிரளயம் வந்தது போல் விசில். பஸ் குலுங்கி நின்றது. காக்கிச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, ஒல்லியான ஆள் ஒருவர் ஏறி நேரே என் சீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க சார், இப்ப என்ன சொன்னீங்க?”

“நானா? போன்ல பேசினேன்.”

“போன்ல என்ன சொன்னீங்க?”

“போறேன்னு சொன்னேன்.”

“அதத் திருப்பிச் சொல்லுங்க. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க.”

“போனை வெச்சாச்சுங்களே!”

“மறுக்காப் போடுங்க.”

பஸ்ஸில் அறுபது பேர் என்னையே பார்க்கிறார்கள். கண்டக்டர், “சார், சொல்லிப்புடுங்க. இல்லீனா வண்டிய உட மாட்டாரு” என்று கெஞ்சினார். மறுபடி போன் போட்டேன். “போயிட்டு வரேன்” என்றேன். “எங்கேடா போறே?” என்று நண்பன் கேட்டான். அண்ணன் தலையை ஆட்டி, இறங்கி, “ரைட்!” என்று விசில் ஊதினார்.

பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. டீக்கடை ஆறுமுகம்தான் அடுத்த வாரம் என்னைத் திருத்தினார்.

“அப்படிச் சொல்லாதீங்க சார். அவரு சம்சாரம் சாந்தாமணி அக்கா இதே பஸ் ஸ்டாண்டுல போறேன்னு சொல்லிப்போட்டு ரெண்டு பதினேழு எடப்பாடி வண்டியில ஏறுச்சு. அம்மா ஊட்டுக்கு. ஏறுனத நானும் பார்த்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருக்கான். வண்டி நேரத்துக்கு எடப்பாடி போயிருச்சு. அக்கா எறங்கல.”

“நடுவுல எங்கயாவது இறங்கியிருப்பாங்க.”

“ஒருத்தரும் பார்க்கல. போலீசு ஒவ்வொரு ஸ்டாப்பாக் கேட்டுப் பார்த்துருச்சு. சன்னலோர சீட்டுல ஒக்காந்திருந்துச்சாம். அப்பறம் அந்த சீட்டு காலியா இருந்துச்சாம். அவ்வளவுதான் சார்.”

அந்த பஸ்ஸை முதலாளி விற்றுவிட்டார். 2.17 அப்படியே யாரும் எடுக்காமல் கிடந்தது. ஆனால் ஓரங்கட்டு அண்ணன் அதைக் கிடக்க விடவில்லை. தினமும் 2.16 ஆனதும் விசில் ஊதி, எடப்பாடி பஸ் நிற்கிற இடத்தைக் காலி செய்வார். வெள்ளரிக்காய்க் கூடை நகர வேண்டும், ஆட்டோ நகர வேண்டும். 2.17 முதல் 2.19 வரை அந்த இடத்தில் ஒரு ஈ நிற்கக் கூடாது.

நானே பார்த்திருக்கிறேன். சித்திரை வெயில், பஸ் ஸ்டாண்டு அடங்கிக் கிடக்கும் நேரம். அவர் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே, அங்கே நிழலில் படுத்திருக்கும் செவலை நாய் எழுந்து, உடம்பை உதறி, தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வரும். பழக்க தோஷம் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். அந்த நாய் செத்துப் போய், அடுத்த வருடம் எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாய் வந்தது. வந்த இரண்டாம் நாளே அதுவும் 2.16க்கு எழுந்து போனது. அந்தப் பாடத்தை அதற்கப்புறம் நடத்தவில்லை.

கோபக்கார டிரைவர்கள் இல்லாமலா?

“எந்த வண்டிக்குய்யா ஓரங்கட்டச் சொல்றே?”

“வர்ற வண்டிக்கு.”

“எங்க வருது?”

“வந்துட்டுத்தான் இருக்குது. ஓரங்கட்டு.”

நான் பிசிக்ஸ் வாத்தியார் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை என்னைக் கூண்டுக்குள் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். மேஜை மேல் சோறு கொண்டுவருகிற தூக்குப்போசி ஒன்று, பளபளவென்று துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“சார், படிச்சவங்க நீங்க. நேரத்துக்கு அகலம் உண்டுங்களா?”

“நேரத்துக்கு நீளம்தான் அண்ணா. முன்னால போகும். அதுக்கு ஒரே பரிமாணம். இடத்துக்குத்தான் மூணு.”

“அதெப்படிங்க? இடத்துக்கு மூணு, நேரத்துக்கு ஒண்ணுன்னு ஆரு பிரிச்சுக் குடுத்தாங்க?”

பதினைந்து வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவன் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

அவர் விடவில்லை. “ஒத்தையடித் தடத்துல பஸ்ஸத் திருப்ப முடியுங்களா?”

“முடியாது.”

“ரிவர்ஸ் எடுக்கலாம். ஆனா பின்னால வர்றவன் மேலயெல்லாம் ஏத்தோணும். திருப்போணும்னா ரோடு அகலமா இருக்கோணும். அக்கட்டால, அந்தப் பக்கமா, கொஞ்சம் ஒடிச்சு, அப்படியே வளைச்சு, வந்த தெசைக்கே உடலாம். ஆருக்கும் அடிபடாது. நேரத்துக்கு நீளம் மட்டும்தான்னா, போனவங்க போனவங்கதான். அகலம் இருந்தா, போயிட்டு வரலாமுங்களே!”

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ராக்கிப்பட்டி தாண்டுவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கணக்குப்படி அவர் சொன்னது சரி. நேரத்துக்கு ஒரே திசை இருக்கும்வரை எதிர்காலம் ஒரு பக்கம், இறந்தகாலம் ஒரு பக்கம், நடுவில் தாண்ட முடியாத சுவர். இரண்டாவது திசை ஒன்று சேர்ந்துவிட்டால் சுவர் இல்லை. மெல்ல மெல்லத் திரும்பி, எதிர்காலத்தைப் பார்த்துப் போனவர் இறந்தகாலத்தைப் பார்த்து வந்துவிடலாம். ஒரு பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பெரிய பெரிய ஆட்களே இதைப் பற்றித் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். படித்ததைச் சனிக்கிழமைதோறும் கொண்டுபோய் அவரிடம் ஒப்பித்தேன். யார் வாத்தியார், யார் மாணவன் என்று ஆறுமுகத்துக்கே குழப்பம்.

“அண்ணா, நேரத்துக்கு ரெண்டு திசை இருந்தா, இன்னிக்கு நடக்கறதெல்லாம் ஒண்ணு விடாமத் தெரிஞ்சிருந்தாலும் நாளைக்கு என்ன நடக்கும்னு கணக்குப் போட முடியாதாம்.”

“இப்ப மட்டும் போட்டுட்டிருக்கீங்களாக்கும்!”

“அணு கூட நிலையா நிக்காதாம். இருந்த எடத்துலயே கலைஞ்சு போயிருமாம்.”

அவர் தூக்குப்போசியைப் பார்த்தார். “சன்னலோரம் ஒக்காந்திருந்த ஆளே கலைஞ்சு போகுதுங்க சார், அணு என்ன அணு” என்றார்.

பேச்சை மாற்றுவதற்காக, சில பேர் இரண்டு நேரம் வைத்தே சமன்பாடு எழுதியிருக்கிறார்கள், கடுமையான விதிகள் போட்டு இரண்டாவதை அடக்கி வைத்தால் நமக்கு ஒன்று மட்டும்தான் தெரியும் என்கிறார்கள் என்றேன். அப்படி ஓர் அகலம் இருந்தாலும் ரொம்ப ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும் என்றும் சொல்லி வைத்தேன்.

“எனக்கு ரெண்டு நிமிசம் அகலம் போதுமுங்க.”

அவருடைய சித்தாந்தம் ஊருக்குள் பரவியது. பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வருகிறவர்களிடம், “நீங்க லேட்டு இல்லீங்க. நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க, அக்கட்ட வந்துட்டீங்க” என்று ஆறுதல் சொல்வார். அது என் வகுப்புக்கும் வந்துவிட்டது. ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்த ஒருவன், “சார், நான் லேட்டு இல்லீங்க. பக்கத்து ஒம்பது மணிக்கு வந்தேன்” என்றான். வருகைப்பதிவை எந்த ஒன்பது மணிக்குப் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே அனுப்பினேன்.

போன வருடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சிவப்பு எழுத்து ஓடுகிற போர்டு வைத்தார்கள். காலியாகக் கிடந்த நேரங்களையெல்லாம் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துக் கொடுத்தது. முதலில் கண்டுபிடித்தது 2.17. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புது முதலாளி, எடப்பாடிக்கு அந்த டைம் எனக்கு என்று வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம்.

ஓரங்கட்டு அண்ணன் என் காலேஜ் வாசலுக்கே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டை விட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெயிலில் இன்னும் சின்னதாகத் தெரிந்தார்.

“சார், சங்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. புரொபசர்னு போட்டு எழுதுங்க. அந்த ரெண்டு நிமிசத்த மட்டும் உட்டுறச் சொல்லுங்க. அங்க வேற வண்டி நின்னா, அவ வண்டி எங்க நிக்கும்?”

“அண்ணா, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன். அத்தனை வருடத்தில் நான் கேட்காத கேள்வி.

“மூணு நாளா மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்குப் போகலீங்க. வண்டி, வண்டின்னே நின்னுட்டேன். அவளே போசியில சோறு கொண்டாந்தா. வெயில்ல நடந்து வந்திருக்கறா. அப்பப் பார்த்து சேலம் வண்டி உள்ள வருது. நான் வாயில விசில வெச்சுக்கிட்டே, சித்த ஓரங்கட்டுன்னு சொல்லிட்டேன். அவளப் பார்த்து, சார்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“‘ஓரங்கட்டிட்டேன், நான் போறேன்’னு சொன்னா அவ. போசிய மேசை மேல வெச்சா. ஏறுனா. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்த வண்டிக்கு ரைட்டு குடுத்தது நான்தானுங்க.”

ஊரே அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. நானும் எத்தனை ஆயிரம் முறை கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

லெட்டர் எழுதினேன். வேலைக்கு ஆபத்து வராமல் எழுத வேண்டுமே என்று ஒரு இரவு முழுக்க முழித்து நான்கே வரி எழுதினேன். “நேரத்துக்கு இரண்டாவது பரிமாணம் உண்டு என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. இல்லை என்றும் முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மேற்படி 2.17ஐக் காலியாக விடுவதில் அறிவியலுக்கு ஆட்சேபணை இல்லை” என்று கையெழுத்துப் போட்டேன். சங்கச் செயலாளர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தாராம். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்மானம் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். புது பஸ் வாழைக் கன்று கட்டி, சந்தனம் தெளித்து, 2.16க்கு வாசலில் திரும்பியது. டிரைவர் சின்ன வயசுக்காரர், இந்த ஊருக்கே அன்றுதான் முதல் தடவை வருகிறார். முதலாளி கையில் பூசணிக்காயோடு காத்திருந்தார். கறுப்பு நாய் எழுந்து தள்ளிப் போனது. ஓரங்கட்டு அண்ணன் கூண்டு வாசலில் நின்றார். விசில் கழுத்தில் தொங்கியது. அவர் அதைத் தொடவே இல்லை. அன்றைக்கு “ஓரங்கட்டு” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

பஸ் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். எதிரே ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார்.

முதலாளி கத்தினார். “உள்ள விடுய்யா! நல்ல நேரம் போவுது!”

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “எப்பிடி சார் விடறது? முன்னாடி வண்டி நிக்குது பாருங்க. அது எடுக்கட்டும்.”

எல்லாரும் பார்த்தோம். வெறும் தரை. வெயில். காற்றுகூட இல்லை.

போர்டில் 2.19 என்று விழுந்தது. டிரைவர், “தோ, எடுத்துட்டான்” என்று சாதாரணமாகக் கியரைப் போட்டு உள்ளே வந்து நிறுத்தினார். முதலாளி கையிலிருந்த பூசணிக்காய் உடைக்காமலே உடைந்தது.

இது ஆறுமுகம் சொல்லிக்கொடுத்த நாடகம் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். அவரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். “திருச்செங்கோட்டு மலை மேல சத்தியமுங்க சார், அந்தாளு பேருகூட எனக்குத் தெரியாது” என்றார். சொல்லிவிட்டு, டீயே இல்லாத கிளாஸை ஆற்றிக்கொண்டிருந்தார். நடிக்கத் தெரிந்த ஆள் இல்லை அவர்.

ஓரங்கட்டு அண்ணன் டிரைவரிடம் நடந்து போனார். ஒரே ஒரு கேள்வி.

“சாமி, சன்னலோரம் ஆராச்சும் ஒக்காந்திருந்தாங்களா?”

“நல்ல கூட்டம்ண்ணா. கவனிக்கல. ஏன், யாருனா வரணுமா?”

“ஆமாங்க” என்றார் அண்ணன்.

முதலாளி அன்றைக்கே, எனக்கு அந்த டைம் வேண்டாம், 2.20 போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சங்கமும் மறுபேச்சுப் பேசவில்லை. நான்கு வரி லெட்டரால் நடக்காதது நடந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை நான் போனபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் தூக்குப்போசி.

“எங்கண்ணா கிளம்பிட்டீங்க?”

“எடப்பாடிக்குங்க. அவ வந்தா மொதல்ல போசி எங்கன்னுதான் கேப்பா. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டா என்னன்னு தோணுச்சு.” கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “சார், நான் போயிட்டு வாரேனுங்க.”

அப்போது சேலம் பஸ் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்தது. நானாகவே ஓரமாக நகர்ந்துகொண்டேன். அது தாண்டிப் போனதும் பார்த்தேன். அவர் இல்லை. கடிகாரத்தில் 2.18. கொஞ்ச நேரத்தில் 2.20 எடப்பாடி வண்டி வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அதில்தான் ஏறியிருப்பார். வேறு எதில் ஏறுவது?

அவர் எடப்பாடியில் இறங்கினாரா என்று அந்தக் கண்டக்டரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. இறங்கினார் என்று சொல்லிவிட்டாலும் கஷ்டம், இறங்கவில்லை என்று சொல்லிவிட்டாலும் கஷ்டம். சங்கத்தில் வேறு டைம் கீப்பர் போட்டுவிட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. கேட்டால் பயமில்லை, மரியாதை என்கிறார்கள்.

வகுப்பில் நேரத்துக்கு ஒரே பரிமாணம் என்றுதான் இன்றும் நடத்துகிறேன். சம்பளம் அதற்குத்தான். சனிக்கிழமைகளில் மட்டும் 2.05 சேலம் வண்டியை விட்டுவிட்டு ஆறுமுகம் கடையில் ஒரு டீ கூடுதலாகக் குடிக்கிறேன். 2.16க்கு நாய் எழுந்ததும் நானும் எழுந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன். இரண்டு பேர் இறங்க இடம் வேண்டுமல்லவா.